ஷாமினி, பண்டமாரான்

"வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு வாசகர் கடிதம் என் மேசைக்கு வரணும். இல்லாட்டி கதையை நிறுத்திடலாம்," என்றார் ஆசிரியர் விஜயன்.

மாதவி தலையை ஆட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். மூன்று கடிதத்துக்கு எங்கே போவது? அவள் பொறுப்பேற்ற நான்கு ஆண்டுகளில் அவள் பெயருக்கு வந்த ஒரே தபால், கீழே இருந்த தையல் கடைக்குப் போகவேண்டிய தண்ணீர் பில்.

'நாள்முகம்' நாளேட்டின் அலுவலகம் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அந்தத் தையல் கடைக்கு மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பின் நடுவில் செருகி வரும் நான்கு பக்க 'இளந்தளிர்' இணைப்பை மாதவி ஒருத்தியே தயாரித்தாள். இளைஞர்களுக்கான இணைப்பு. தயாரிப்பவளுக்கு நாற்பத்தேழு வயது. அதில் வந்துகொண்டிருந்த தொடர்கதையின் பெயர் 'நாற்பத்து மூன்று நிமிடம்'. எழுதுபவர் வான்மதியன் என்ற புனைபெயரில் கிள்ளானில் இருந்தார். சன்மானம் கிடையாது என்பதால் அவர் அலுவலகத்துக்கு வரவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவர் முகத்தை யாரும் பார்த்ததும் இல்லை. செவ்வாய்தோறும் வாட்சாப்பில் ஓர் அத்தியாயம் வரும். அடியில் 'நன்றி, வணக்கம்' என்று இருக்கும்.

கதை இதுதான். ஆண்டு 2190. மித்ரா என்ற பெண் வியாழன் கோளின் நிலவொன்றில், சுரங்கக் குடியிருப்பில் வாழ்கிறாள். ஆதவன் என்ற பையன் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் மிதக்கும் நகரத்தில் வாழ்கிறான். அவனுக்கு இடது கை இயந்திரக் கை. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அவன் 'சாப்பிட்டியா' என்று கேட்டால் அது அவளுக்குப் போய்ச் சேர நாற்பத்து மூன்று நிமிடம் ஆகும். 'சாப்பிட்டேன்' திரும்பி வர இன்னொரு நாற்பத்து மூன்று. அதற்குள் அவனுக்கு அடுத்த வேளைப் பசி வந்துவிடும். முதல் பதினைந்து அத்தியாயங்களில் இவர்களைவிட எரிபொருள் குழாய்கள்தான் அதிகம் இடம்பெற்றன.

"முதலாளி கேக்குறாரு மாதவி, நாலு பக்கத்தையும் விளம்பரத்துக்கு விட்டுடலாமான்னு," என்று விஜயன் அவள் பின்னாலேயே வந்து சொன்னார். "ஒரு மனுசன் படிக்கிறான்னு ஆதாரம் இருந்தா நான் வாதாடுவேன். இல்லாட்டி எதை வெச்சுப் பேசுறது?"

"இணைப்பு போச்சுன்னா எனக்கு வேற பக்கம் குடுப்பீங்களா சார்?"

விஜயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாதபோது அவர் அதைத்தான் செய்வார்.

சுங்கை வே வீட்டில் அவள் கணவன் விமலன் ஒன்றரை ஆண்டாகப் படுக்கையில் கிடந்தான். ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி சரிந்து முதுகில் விழுந்தது. அதன்பிறகு அந்த வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது மாதவியுடையது மட்டும். இந்த வேலை போகக் கூடாது. அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஆகவே கடிதங்களை அவளே எழுதினாள்.

முதல் கடிதத்துக்கு 'உமர், சுங்கை வே' என்று பெயரிட்டாள். உமருக்கு எதுவும் எளிதில் பிடிக்காது. "வியாழனின் நிலவில் ஈர்ப்பு விசை குறைவு. அங்கே மித்ராவின் கண்ணீர் இவ்வளவு வேகமாகக் கன்னத்தில் உருளாது. ஆசிரியர் கவனிக்க" என்று எழுதினான். இரண்டாவது கடிதம் 'ஒரு வாசகர், ஷா ஆலம்'. 'கதை அருமை, தொடரட்டும்' என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாவது கடிதத்துக்கு 'ஷாமினி, பண்டமாரான்' என்று போட்டாள். வயது பத்தொன்பது, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம். "ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்கு முன்னால் நான் பேப்பரை எடுத்துவிடுவேன். மித்ராவின் பதில் வரும்வரை ஆதவன் என்ன செய்கிறான் என்று நீங்கள் எழுதுவதே இல்லை ஐயா. அந்த நேரத்தில்தானே அவன் அவளைக் காதலிக்கிறான். குழாய்களைக் குறைத்துவிட்டு அதைக் கொஞ்சம் எழுதுங்கள்."

எழுதி முடித்துவிட்டு மாதவி அதை இரண்டு முறை படித்தாள். பிள்ளை கெட்டிக்காரி என்று பட்டது.

கடிதங்கள் ஞாயிறன்று வெளிவந்தன. அந்த வாரமும் அடுத்த வாரமும் வான்மதியனிடமிருந்து அத்தியாயம் வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டு அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை. புகழைத் தாங்க முடியாமல் மனிதர் ஓடிவிட்டார் என்று மாதவி நினைத்தாள். மூன்றாவது வாரம் ஒரு செய்தி வந்தது.

"அந்தப் புள்ளையின் கடிதத்தைப் படித்தேன். எழுதுகிறேன்."

பதினாறாம் அத்தியாயத்தில் ஒரு குழாய்கூட இல்லை. ஆதவன் நாற்பத்து மூன்று நிமிடமும் தன் இயந்திரக் கையால் வெங்காயம் உரிக்கிறான். அந்தக் கைக்குக் கண்ணெரிச்சல் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும். அவன் அழுவது வெங்காயத்தாலா அவளாலா என்று அவனுக்கே தெரியவில்லை. மாதவி அதைப் பக்கத்தில் ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு கதையில் விஞ்ஞானம் தேய்ந்தது, சமையல் வளர்ந்தது. மித்ரா சுரங்கத்தில் கறிவேப்பிலைச் செடி வைத்தாள். உமர் கொதித்துப்போனான். "உறைபனி நிலவில் கறிவேப்பிலை எப்படி வளரும்?" என்று கேட்டான். "பிளாட் வீட்டுப் பின்வாசலில் வெயிலே படாமல் வளர்கிறது, அங்கே வளராதா?" என்று வான்மதியன் பதில் கொடுத்தார். ஷாமினி வான்மதியன் பக்கம் நின்றாள். "உமர் அண்ணன் ஒரு செடிகூட நட்டிருக்க மாட்டார்" என்று எழுதினாள். இரண்டு பேருக்கும் வாராவாரம் சண்டை நடந்தது. மாதவி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் மீ கோரேங் நூடுல்ஸை வைத்துக்கொண்டு மறு கையால் இரண்டு பக்கமும் சண்டை போட்டாள்.

"என் மாமியாரே படிக்கிறாங்க லா," என்றார் விஜயன். "ஷாமினி இந்த வாரம் என்ன சொல்லியிருக்குன்னு கேக்குறாங்க."

அவர் மாமியார் உட்பட உண்மையான வாசகர் ஒருவரும் கடிதம் எழுதவில்லை. ஆனால் முதலாளி அமைதியானார். மாதவிக்கு மாதச் சம்பளம் வந்தது. விமலனின் மருந்து தடைபடவில்லை. அத்தோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஐந்தாவது மாதம் விஜயன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கிள்ளான்ல ஒரு டியூஷன் சென்டர். டிசம்பர் வரைக்கும் இணைப்புக்கு அவுங்க விளம்பரம். ஒரே கண்டிசன். இங்க பிரிக்பீல்ட்ஸ்ல வாசகர் சந்திப்பு வைக்கணும். சிறந்த வாசகர் பரிசு ஷாமினிக்கு. அவுங்க டைரக்டர் மேடையில மாலை போடுவாரு. போட்டோ எடுப்பாங்க."

"உமருக்குக் குடுக்கலாமே சார். அவரும் விடாம எழுதுறாரு."

"அவனை மேடை ஏத்தினா மைக்கைப் பிடிச்சுக்குவான். ஆளே சரியில்ல, அந்த உமர்."

மாதவிக்கு உள்ளூர வருத்தமாக இருந்தது. உமர் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஷாமினிக்குப் பரீட்சை சார். எஸ்டிபிஎம்."

"அப்ப அடுத்த மாசம் வெப்போம். வான்மதியன் சாருக்கும் சொல்லிடு."

பண்டமாரானில் மாதவியின் அக்காள் சீதாலெட்சுமி இருந்தாள். அவளுக்கு இருபது வயதில் ஒரு மகள். மாதவி கொமுட்டர் ரயில் பிடித்துப் போய் அந்த மகளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஸ்டேஜ்ல சும்மா நின்னா போதும் கண்ணு. மாலை போடுவாங்க, சிரி. அவ்வளவுதான்."

"அந்த ரைட்டர் கதையைப் பத்திக் கேட்டா என்ன சொல்றது சித்தி? எனக்குத் தமிழ் வாசிக்கவே வராது. என் ஃபிரெண்ட்ஸ் வேற ஃபேஸ்புக்ல பாத்துச் சிரிப்பாங்க. வேணாம் சித்தி."

ஆக, இளைஞர் இணைப்பைப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர்கூட மாதவியின் குடும்பத்தில் இல்லை. அடுத்த மாதம் வந்தது. மண்டபம் பிடித்தாகிவிட்டது. "ஷாமினி ரெடியா?" என்று விஜயன் கேட்டபோது மாதவியின் வாயில் முதலில் வந்தது 'டிங்கி காய்ச்சல்'.

அது தப்பு என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. வான்மதியனுக்கு விஜயனே செய்தி அனுப்பிவிட்டார். 'எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு' என்று வான்மதியன் மாதவியைக் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு டெலிவரிக்காரர் அலுவலகப் படியேறி வந்து பெரிய ஃபிளாஸ்க் ஒன்றை நீட்டினார். நண்டு சூப். ரத்தத்தில் தட்டணு ஏறுமாம். கூடவே ஒரு பாட்டிலில் பப்பாளி இலைச் சாறு. 'ஷாமினிக்கு, சூடாகக் கொடுக்கவும்' என்று ஒட்டியிருந்தது.

சூப்பை விஜயன் குடித்தார். "வீணாப் போகுமே," என்றார். பப்பாளிச் சாற்றை யாரும் தொடவில்லை.

மறுநாளும் ஃபிளாஸ்க் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான்காம் நாள் விஜயன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"டைரக்டர் பேசினாரு. வார்டுலயே போயி பரிசைக் குடுத்துடலாம்னு சொல்றாரு. படுத்திருக்கிற மாதிரி போட்டோ இன்னும் நல்லாருக்கும்னு நினைக்கிறாரு."

"ஐசியூல இருக்கா சார். யாரையும் விட மாட்டாங்க."

"சரி, வெளிய வந்ததும் வெச்சுக்குவோம்."

மாதவி யோசித்தாள். ஷாமினியை ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பலாம். அனுப்பினால் டைரக்டர் மாலையோடு விமான நிலையத்துக்கு வருவார். கல்யாணம் செய்து வைக்கலாம். செய்தால் வான்மதியன் பாத்திரம் பண்டத்தோடு முதல் பந்தியில் வந்து உட்காருவார். செத்தவர்களை மட்டும்தான் யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அப்படித்தான் நினைத்தாள். இத்தனை ஆண்டு தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, அலுவலகத்தில் தேநீர் கலக்கும் மூலையில் நின்றுகொண்டு, 'ஷாமினி இன்று காலை தவறிவிட்டாள்' என்று வான்மதியனுக்கு அனுப்பினாள். பிறகு விஜயனிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"எத்தனை வயசுன்னு சொன்னே?"

"பத்தொம்பது."

"ஐயோ பாவம். முழுப் பக்கம் போடு."

அன்று வீட்டுக்குப் போகும் கொமுட்டரில் மாதவி அழுதாள். பக்கத்து இருக்கைப் பெண் டிஷ்யூ கொடுத்தாள். யார் இறந்தது என்று கேட்டாள். "சொந்தக்காரப் புள்ளை" என்று மாதவி சொன்னாள். அது பொய்யாகத் தோன்றவில்லை. ஒரு பிள்ளையை வளர்த்து, அதன் வாயில் நல்ல சொற்களை வைத்து, தன் வசதிக்காகக் கொன்றிருக்கிறோம் என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. விமலனிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 'கண்ணீர் அஞ்சலி' முழுப் பக்கத்தில் வந்தது. உமரும் இரங்கல் எழுதினான். முதன்முறையாக அவன் யாரையும் குறை சொல்லவில்லை. டியூஷன் சென்டர் டைரக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உடனே விஜயனைக் கூப்பிட்டார். 'ஷாமினி நினைவுத் தொடர்' என்று கதைக்கு மேலே பெயர் போட்டு, கீழே தங்கள் சின்னத்தையும் போட்டால், டிசம்பர் வரை அல்ல, அடுத்த ஆண்டு முழுக்கவும் விளம்பரம் தருவதாகச் சொல்லிவிட்டார்.

"அந்தப் புள்ளை செத்தும் நம்ம பக்கத்தைக் காப்பாத்திடுச்சு பாத்தியா," என்றார் விஜயன். "கதை மட்டும் நிக்காம ஓடணும். கதை நின்னா விளம்பரமும் நிக்கும். புரியுதா?"

புரிந்தது. ஒரு முழு ஆண்டு. மாதவிக்கு மூச்சு வந்தது. மூன்றே நாளைக்கு.

நான்காம் நாள் வான்மதியனிடமிருந்து செய்தி. "காரியம் என்றைக்கு, எங்கே? நான் வரவேண்டும். அந்தப் புள்ளையின் முகத்தைப் படத்திலாவது பார்க்க வேண்டும்."

"குடும்பத்தார் வெளியாட்கள் வேண்டாம் என்கிறார்கள் ஐயா" என்று மாதவி எழுதினாள்.

"நான் வெளியாள் இல்லை" என்று பதில் வந்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. "முகவரி தராவிட்டால் பண்டமாரானில் வீடு வீடாகப் போய்க் கேட்பேன்."

கேட்கக்கூடிய ஆள்தான் என்று நண்டு சூப்பைப் பார்த்தவளுக்குத் தெரியும். மாதவி மறுபடி கொமுட்டர் ஏறினாள்.

"உனக்கென்ன புத்தி பிசகிப்போச்சா?" என்றாள் சீதாலெட்சுமி. "ஆளு நடமாடுற வீட்டுல, பொறக்காத புள்ளைக்குப் பதினாறாம் நாள் காரியமா?"

"ஒரு மணி நேரம்தான்கா. படத்தைப் பாப்பாரு, கும்பிடுவாரு, போயிடுவாரு. பெத்தவங்க அஸ்தி கரைக்க இந்தியா போயிட்டாங்க. நீதான் பெரியம்மா. அவ்வளவுதான்கா. கதை நின்னா என் வேலை போயிடும். அவரு படுக்கையில கெடக்குறாரு, உனக்குத் தெரியாதா?"

சீதாலெட்சுமி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். விமலன் நன்றாக இருந்த காலத்தில் இந்த வீட்டுக் கூரைக்குத் தகரம் மாற்றிக் கொடுத்தவன். கடைசியில், "என் மக படத்துக்கு மாலை போட விடமாட்டேன், சொல்லிட்டேன்," என்றாள்.

படத்துக்கு மாதவி வேறு வழி செய்தாள். கைப்பேசியில் இருந்த ஒரு செயலி, கேட்ட வயதில், கேட்ட நிறத்தில், உலகத்தில் இல்லாத ஒரு முகத்தை வரைந்து கொடுத்தது. பிரேம் போடும் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "சின்னப் புள்ளை, அதுக்குள்ளயா," என்று சொல்லி நல்ல சட்டமாகப் போட்டுக் கொடுத்தார்.

காரியத்தன்று காலை ஒன்பது மணிக்கே விஜயன் அனுப்பிய மலர் வளையம் வந்துவிட்டது. அதன் நடுவில் டியூஷன் சென்டரின் தொலைபேசி எண் இருந்தது. வெயில் படுமே என்று சீதாலெட்சுமியின் கணவர் வாசலில் சின்னக் கூடாரம் ஒன்றைப் போட்டுவைத்தார். அதுதான் தப்பு. கூடாரத்தைப் பார்த்தால் அந்தத் தாமான் குடியிருப்பில் யாரும் வீட்டில் உட்கார மாட்டார்கள். பத்து மணிக்குள் இருபது பேர் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு மஜீதா ஆன்டி வாழைப்பழச் சீப்போடு வந்து படத்தின் முன்னால் நின்றார்.

"இந்தப் புள்ளையா? ஐயோ, இத நான் பாத்திருக்கேனே," என்றார். "பஸ் ஸ்டாப்புல நிக்கும். தலை குனிஞ்சு நிக்கும். போன மாசம்கூட 'ஆன்டி'ன்னு சிரிச்சுச்சு."

சீதாலெட்சுமி தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். இன்னொரு பெண்மணி, தானும் பார்த்ததாகவும் ஒருமுறை குடை கொடுத்ததாகவும் சொன்னார். பதினைந்து நிமிடத்தில் ஷாமினிக்கு ஒரு முழு வாழ்க்கை அமைந்துவிட்டது.

பத்தரைக்கு ஒரு பழைய கார் வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். தடித்த ஆள். வெள்ளைச் சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. பின்னால், வெளிர் சேலை கட்டிய ஒரு பெண்மணி துணிப்பையை அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"வான்மதியன்," என்றார் அவர், தன் பெயரை எங்கோ எழுதிவைத்துப் படிப்பதுபோல. "இது அமுதவள்ளி."

"வாங்க சார், வாங்கக்கா. நான்தான் மாதவி."

மனிதர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மாதவி பேச்சுக் கொடுத்தாள்.

"ஷாமினிக்கு மித்ரான்னா உசுரு சார்."

"மித்ரா." அவர் பெண்மணியைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா. நல்ல புள்ளை. எங்க வேலை செய்யுது?"

மாதவிக்கு வியர்த்தது. சோதிக்கிறார். சந்தேகப்பட்டுத்தான் வந்திருக்கிறார். தன் கதாநாயகியைத் தானே தெரியாதவர்போல் கேட்டு வாயைப் பிடுங்கப் பார்க்கிறார்.

"மித்ரா சுரங்கத்துல இருக்கா சார். வியாழன் நிலவுல," என்றாள், பரீட்சையில் பதில் சொல்பவள்போல.

"ஆங். வியாழன்," என்றார் அவர்.

"என்ன கதைங்க எழுதறீங்க?" என்று மஜீதா ஆன்டி கேட்டார்.

"அது வந்து... ராக்கெட்டு. காதல்." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ரெண்டும் வரும்."

பெண்மணி நாற்காலிப் பக்கமே போகவில்லை. படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த இல்லாத முகத்தையே பார்த்தபடி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அழுத பெண்களை மாதவி நிறையப் பார்த்திருக்கிறாள். இது மரியாதைக்கு அழுவது இல்லை. எழுத்தாளர் கல்லாக உட்கார்ந்திருக்கும்போது அவர் வீட்டுக்காரி ஏன் இப்படி அழவேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்மணி தலை நிமிர்ந்தார்.

"வாராவாரம் கதையை வெட்டி வெச்சிருப்பாளே. அதைக் கொஞ்சம் பாக்கலாமா?"

மாதவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொடர்கதையை வெட்டி எடுத்து, அடுக்கித் தைத்து வைக்காத தமிழ் வாசகி எங்கே இருக்கிறாள்? படம், மாலை, விளக்கு, வாழைப்பழம் எல்லாம் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. சீதாலெட்சுமி சமையலறைக்குள் போய்விட்டாள். கேட்டவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"அது... அவகூடவே வெச்சு அனுப்பிட்டோம்கா," என்றாள் மாதவி. "நெஞ்சு மேல வெச்சு."

சொன்னவுடன் நல்ல பதில் என்று தோன்றியது. யாரும் திருப்பிக் கேட்க முடியாத பதில். பெண்மணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மஜீதா ஆன்டி விசும்பினார்.

பிறகு பெண்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டு துணிப்பையைத் திறந்தார். கோடு போட்ட தாளில் கையால் எழுதிய ஒரு கத்தை. அதைப் படத்தின் அடியில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது அடுத்த வாரத்துக்கு எழுதினது. அவளுக்கே இருக்கட்டும். பேப்பர்ல போட வேணாம். அவளோட போன கதை அவளோடயே முடியட்டும்."

"அக்கா, என்ன சொல்றீங்க?"

"இதோட நிறுத்திக்கிறோம்மா."

அவர் எழுந்துவிட்டார். மனிதரும் விட்டால் போதும் என்று எழுந்தார். இருவரும் காரை நோக்கி நடந்தார்கள். மாதவிக்கு எதிரே எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. நின்றுபோன கதை, போன விளம்பரம், காலியான நான்கு பக்கம், படுக்கையில் விமலன். காப்பாற்றவே கொன்றாள். அந்தப் பிள்ளை போகும்போது எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறது.

செருப்பைத் தேடாமல் வாசல் கேட் வரை ஓடினாள்.

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார். ஒரு அஞ்சு வாரம் எழுதுங்க. மத்த வாசகர் எல்லாம் இருக்காங்க. உமர் இருக்காரு."

மனிதர் கார்ச் சாவியைக் கையில் புரட்டினார். மாதவியைப் பார்க்கவில்லை. பெண்மணியைத்தான் பார்த்தார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று மாதவி முடிவு செய்தாள். திட்டட்டும், போலீசுக்குப் போகட்டும், கதை மட்டும் நிற்காமல் இருந்தால் போதும். ஷாமினி என்று ஒருத்தி இல்லை என்று தெரிந்தால் இந்தத் துக்கமும் இருக்காது. இவர்கள் போய் எழுதலாம்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். இந்த ஷாமினி..."

"நான் முதல்ல சொல்லிடுறேன்மா, மனசு கேக்கல," என்று அமுதவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இவரு எங்க அண்ணன், போர்ட்டுல லோரி ஓட்டுறவரு, கதை எழுதின எங்க வீட்டுக்காரரு, அந்தப் புள்ளையோட முதல் கடிதம் வந்த ஞாயித்துக்கிழமையே போயிட்டாரு, எனக்கும் அவரு பின்னாலயே போயிடணும்னுதான் இருந்துச்சு, ஆனா இப்படி ஒரு புள்ளை அவரைப் படிக்குதேன்னுதான் இத்தனை மாசமா நான் உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தேன்."